ஒரு கிண்ணம் டிரிப்பிங்

யார்க்ஷயர் புட்டிங் எத்தனை அங்குலம் எழும்ப வேண்டும் என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் கிடையாது. 4 அங்குலத்துக்குக் குறைந்தால் அது யார்க்ஷயர் புட்டிங்கே அல்ல என்று 2008-ல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி சொன்னாலும் சொன்னது, அன்றுமுதல் உயரம்தான் பேச்சு. நான் புட்டிங்கைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பிப் பார்ப்பது அதன் அடியை. அடி நன்றாகச் சிவந்திருக்க வேண்டும். லேசான பளபளப்பு வேண்டும். முகர்ந்தால் மாட்டுக்கறி ரோஸ்ட்டின் வாசம் வர வேண்டும். அந்த வாசம் வந்தால் டின்னில் டிரிப்பிங், அதாவது கறி வேகும்போது உருகிச் சொட்டும் கொழுப்பு, இருந்தது என்று அர்த்தம். வராவிட்டால் எத்தனை உயரம் எழும்பி நின்றாலும் எனக்கு அது வெறும் மாவு.

வட இங்கிலாந்தின் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் பட்டியல் போடுவார்கள். லங்காஷயர் ஹாட்பாட், பரியின் பிளாக் புட்டிங், விகன் பை, நியூகாஸிலின் ஸ்டாட்டி ரொட்டி, பார்கின், எக்கிள்ஸ் கேக். எல்லாம் நல்லவைதான். ஆனால் அந்தச் சமையலின் உயிர் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டிலிருந்து வடித்தெடுத்து, சாமான் அறையின் குளிர்ந்த கல் பலகையில் மூடிவைத்த டிரிப்பிங் கிண்ணத்தில் இருந்தது என்பது என் கட்சி. வாரம் முழுவதும் அந்த வீடு எதைச் சாப்பிடும், எந்த வரிசையில் சாப்பிடும் என்பதை அந்தக் கிண்ணமே தீர்மானித்தது. பதார்த்தங்களின் பெயர்கள் இன்றும் இருக்கின்றன. கிண்ணம் போய்விட்டது. எனக்குள்ள வருத்தமெல்லாம் அதுதான்.

புட்டிங் பிறந்ததே டிரிப்பிங்குக்காக. 1737-ல் வெளிவந்த ‘தி ஹோல் டியூட்டி ஆஃப் எ உமன்’ என்ற புத்தகத்தில் அதற்கு டிரிப்பிங் புட்டிங் என்றே பெயர். கணப்புக்கு முன்னால் கம்பியில் ஆட்டுக்கறி சுழன்றுகொண்டிருக்கும். கீழே கரைத்த மாவோடு ஒரு சட்டி. சொட்டுகிற கொழுப்பு எல்லாம் அதில் விழும். பத்து வருடம் கழித்து, 1747-ல் வந்த தன் சமையல் புத்தகத்தில் ஹன்னா கிளாஸ் அதற்கு யார்க்ஷயர் பெயரைக் கொடுத்தார். அவர் வளர்ந்தது நார்தம்பர்லாந்தின் ஹெக்ஸம் ஊரில். வடக்கத்திச் சமையலறையை நேரில் அறிந்தவர். அவருடைய செய்முறையைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். முதலில் சட்டியில் டிரிப்பிங்கைக் கொதிக்கவிடச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் மாவு. அதன் பிறகு சட்டியைக் கறிக்கு அடியில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறார். அடியிலும் கொழுப்பு, மேலிருந்து சொட்டுவதும் கொழுப்பு. மூடிய ஓவனில் வைக்காமல் கணப்புக்கு முன்னால் வெந்த அந்தக் காலத்துப் புட்டிங் இன்றைய அளவுக்கு எழும்பியிருக்க வழியில்லை. உயரம் பின்னால் வந்து சேர்ந்த பெருமை. கொழுப்பு முதல் நாளிலிருந்தே இருந்தது.

எழுபதுகளில் நான் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் போனபோது, கரிப்புகையில் கறுத்த கல் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்கார அம்மாள் விதவை. அவர் கணவர் கம்பளி மில்லில் வேலை பார்த்தவர். ஞாயிறு மதியம் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். எனக்கும் ஓர் இடம் உண்டு. அந்த அம்மாள் புட்டிங் செய்ததை இன்றும் படிப்படியாகச் சொல்ல முடியும். நான் பார்த்தவர்களில் அவருக்கு நிகர் யாருமில்லை.

எலும்போடு கூடிய விலாக்கறியைத்தான் வாங்குவார். கொழுப்பைச் செதுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கும் கடைக்கு அவர் மறுபடி போக மாட்டார். கறியைக் கொழுப்புப் பக்கம் மேலாக வைத்து ஓவனில் ஏற்றுவார். கறி முக்கால் பதம் ஆனதும் தட்டைச் சாய்த்து, உருகிய கொழுப்பைக் கரண்டியால் நீள்சதுர டின் ஒன்றில் ஊற்றுவார். அந்த டின் கன்னங்கறேல் என்றிருக்கும். அதற்குச் சோப்பு காட்டவே மாட்டார். சூடு இருக்கும்போதே காகிதத்தால் துடைத்து வைத்துவிடுவார். மாவு காலையிலேயே கரைத்து வைத்தது. முட்டை, மாவு, பால் மூன்றும் ஒரே கோப்பையால் சம அளவு. அதோடு கொஞ்சம் தண்ணீர், உப்பு. டின்னை ஓவனில் வைத்து, கொழுப்பிலிருந்து நீலப்புகை கிளம்பும்வரை காத்திருப்பார். பிறகு கதவைத் திறந்து, டின்னை வெளியே எடுக்காமல் பாதி இழுத்து, கூஜாவிலிருந்து மாவை ஒரே வீச்சில் ஊற்றுவார். ‘சொய்ங்’ என்று சத்தம் வரும். ஓரமெல்லாம் அந்தக் கணத்திலேயே வெந்து சுருளும். கதவைச் சாத்தியபின் வேளை வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. பேரன் எட்டிப் பார்க்கக் கதவில் கை வைத்தால் அதட்டல் விழும்.

வெளியே வரும்போது ஓரம் நாலு பக்கமும் சுவர் எழுப்பியிருக்கும். நடுவில் பள்ளம். அந்தப் பள்ளம் மெத்தென்று, லேசாக ஈரமாக, முட்டைப் பதத்தோடு இருக்க வேண்டும். இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் சின்ன உருண்டைப் புட்டிங்குகளில் சுவர் மட்டும்தான் இருக்கிறது, நடு இல்லை. மொறுமொறுப்பை மட்டும் ரசிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இந்த இடத்தில்தான். பெரிய டின்னில் சுட்டுச் சதுரமாக வெட்டினால் மூலைத் துண்டு ஒரு ருசி, நடுத்துண்டு ஒரு ருசி. அந்த வீட்டில் மூலைக்குத்தான் போட்டி. நான் நடுத்துண்டுக்காரன். குழம்பை ஏந்திக்கொள்வது அதுதான்; டிரிப்பிங் ஊறித் தேங்கி நிற்பதும் அங்கேதான்.

புட்டிங் தனித் தட்டில், முதலில் வரும். மேலே வெங்காய கிரேவி. கறியும் காய்கறியும் அப்போது மேஜையில் இருக்காது. இதற்கு எல்லோரும் சொல்லும் காரணம் சிக்கனம். முதலில் புட்டிங்கால் வயிற்றை நிரப்பிவிட்டால் பிறகு குறைந்த கறியைப் பத்துப் பேருக்குப் பங்கிடலாம். அதிகம் புட்டிங் சாப்பிடுகிறவனுக்கே அதிகம் கறி என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டும் பழக்கமும் உண்டு; புட்டிங்கைத் தின்று முடித்தவனுக்குக் கறிக்கு வயிற்றில் இடம் இருக்காது. காரணம் உண்மைதான். ஆனால் வறுமை தந்த வழக்கம் என்பதாலேயே அதை வறுமையோடு சேர்த்துக் கழித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓவனிலிருந்து எடுத்த புட்டிங்குக்குச் சில நிமிட ஆயுள்தான். அந்த நேரத்துக்குள் அதைச் சாப்பிட வேண்டுமானால் வேறெதுவும் தட்டில் இருக்கக் கூடாது. பசி முழுதாக இருக்கும்போது, கிரேவி கொதிக்கும்போது, அதை மட்டும் சாப்பிடுவதற்கு ஈடு இல்லை. தெற்கத்திக்காரர்கள் கறிக்குப் பக்கத்தில், உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் மோதும் தட்டில் ஓர் ஓரமாக அதை வைக்கிறார்கள். அங்கே அது துணைக்கு வந்த பண்டம். வடக்கில் அது சாப்பாட்டின் முதல் அத்தியாயம்.

மீந்துபோன துண்டுக்கும் முறை உண்டு. ராஸ்பெரி வினிகர் தெளித்துச் சாப்பிடுபவர்கள் உண்டு. கோல்டன் சிரப் ஊற்றிக்கொள்பவர்களும் உண்டு. என் வீட்டுக்கார அம்மாள் வினிகர் கட்சி. புளிப்பும் இனிப்பும் சேர்ந்து, ஆறிப்போன கொழுப்பின் கனத்தை வெட்டிவிடும். சிரப் அந்தக் கனத்தை இன்னும் கூட்டுகிறது. நானும் வினிகர் பக்கமே நின்றேன்.

இனிக் கிண்ணத்துக்கு வருகிறேன். ஞாயிறு சாப்பாடு முடிந்து, கறித் தட்டில் மிச்சமிருக்கும் கொழுப்பையும் சாற்றையும் சூட்டோடு ஒரு பீங்கான் கிண்ணத்தில் வடித்துவிடுவார். இரவுக்குள் அது தானாக இரண்டாகப் பிரிந்துவிடும். மேலே கொழுப்பு உறைந்து நிற்கும். பச்சைப் புல் மேய்ந்த மாடானால் அதில் இளமஞ்சள் சாயல் தெரியும். கீழே கறிச்சாறு, எலும்பிலிருந்தும் தசைநாரிலிருந்தும் இறங்கிய பசையால் இறுகி, அடர்பழுப்பு ஜெல்லியாக இருக்கும். விரலால் தட்டினால் மேலே கட்டி, அடியில் ஆட்டம். கத்தியை ஓரமாக இறக்கினால் வெள்ளையைத் தாண்டும்வரை ஒரு தடுப்பு. பிறகு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அந்த இடத்தில்தான் உப்பு, கறியின் கருகல், வெங்காயத்தின் இனிப்பு எல்லாம் கூடி நிற்கும்.

திங்கள்கிழமை துணி துவைக்கும் நாள். அன்றைக்குப் பெரிய சமையல் கிடையாது. மீந்த கறி ஆறினபடியே, ஊறுகாயோடு. மீந்த உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் பிசைந்து டிரிப்பிங்கில் முறுகவிடுவார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் வந்தால் ரொட்டியும் டிரிப்பிங்கும். ரொட்டி தடிமனாக, மேலோடு கெட்டியாக இருக்க வேண்டும். முதலில் வெள்ளையைத் தடவி, அதன்மேல் ஜெல்லியைக் கோடுகோடாக இழுத்து, உப்பும் வெள்ளைமிளகுத் தூளும் தூவ வேண்டும். இரண்டையும் கலக்கிச் சாம்பல் நிறப் பசையாக்கித் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. கலக்கினால் கொழுப்பின் மென்மையும் போய்விடுகிறது, ஜெல்லியின் கூர்மையும் போய்விடுகிறது. ஒரே கடியில் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்து, பிறகு நாக்கின் சூட்டில் சேர வேண்டும். ரொட்டியை வாட்டி, சூட்டோடு தடவுவதும் சரிதான். ஆனால் அப்போது ஜெல்லி உருகி ரொட்டிக்குள் இறங்கிவிடும். சாதா ரொட்டியில் ஆறிய டிரிப்பிங் என்பதே என் முடிவு.

லங்காஷயர் நண்பர்கள் இந்த இடத்தில் ஹாட்பாட்டைக் கொண்டு வருவார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெண்களும் பஞ்சாலைக்குப் போன ஊர்கள் அவை. கழுத்துக்கறி, வெங்காயம், மேலே வட்டமாக அடுக்கிய உருளைக்கிழங்கு. அடுப்பில் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு மெதுவாக வெந்துகொண்டிருக்கும். பக்கத்தில் வினிகரில் ஊறிய சிவப்பு முட்டைக்கோஸ். மேலடுக்குக் கிழங்கு ஓரத்தில் முறுகி, அடியில் சாறு குடித்துக் கரைந்திருக்கும்போது அதை மிஞ்ச முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹாட்பாட் அன்றோடு முடிகிற கதை. சட்டியில் இருப்பதையெல்லாம் அது தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். ரோஸ்ட் அப்படியில்லை, அது திங்களுக்கும் செவ்வாய்க்கும் கொடுத்துவிட்டுப் போகும். ஒரு குடும்பம் வாரம் முழுவதையும் ஒரே நாளின் சமையலால் கோத்து வைத்திருந்தது என்றால் அதற்கு நூலாக இருந்தது டிரிப்பிங்.

நவம்பர் 5-ம் தேதி இரவுக்கான பார்கின்கூட அந்தக் காலத்துப் பல வீடுகளில் வெண்ணெயைக் கண்டதில்லை. ஓட்ஸ் மாவு, கறுப்புப் பாகு, இஞ்சி, அதோடு பன்றிக்கொழுப்போ டிரிப்பிங்கோ. சுட்ட அன்றே தின்றால் அது வறட்டுக் கேக். டின்னில் அடைத்து ஒரு வாரம் விட்டால்தான் பாகு கசிந்து மேலெல்லாம் பிசுபிசுக்கும். வெண்ணெய் போட்டதன் வாசம் நன்றாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இஞ்சியை முன்னால் நிறுத்தித் தான் பின்னால் ஒதுங்கி நிற்கும் அடக்கம் வெண்ணெய்க்கு வராது.

வீட்டுக்கு வெளியே டிரிப்பிங்கின் பெருமையைக் காப்பாற்றியது மீன் பொரிக்கும் கடைகள்தான். 1928-ல் ஹாரி ராம்ஸ்டன் ஒரு மரக்குடிலில் கடை தொடங்கிய கைஸ்லி, லீட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் தோலுரித்த ஹாடக் மீனும் மாட்டு டிரிப்பிங்கும் பிரிக்க முடியாத ஜோடி. காட் மீன்தான் வேண்டும் என்பவர்கள் மலை தாண்டி லங்காஷயருக்குப் போகலாம். டிரிப்பிங்கில் பொரித்த மாவு உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியே மொறுமொறுவென்று உடையும். சிப்ஸின் வெளிப்புறத்தில் கறியின் நிழல் ஒன்று படிந்திருக்கும். கேட்டால் ஒரு கரண்டி ஸ்கிராப்ஸும் மேலே போட்டுத் தருவார்கள். டிரிப்பிங்கின் ருசி சுத்தமாகத் தெரிவது அந்த உதிர்ந்த மாவுத் துணுக்குகளில்தான். உப்பும் மால்ட் வினிகரும் தெளித்து, கடைவாசலிலேயே நின்று, கை சுடச்சுடச் சாப்பிட வேண்டும். ஆறினால் டிரிப்பிங் அண்ணத்தில் ஒட்டும், எண்ணெய் ஒட்டாது. எண்ணெய்க் கட்சிக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். சூட்டோடு சாப்பிட வேண்டிய பண்டத்தை ஆறவிட்டது யார் குற்றம்?

தாவர எண்ணெய்க்கு மாறிய கடைகளின் நியாயம் எனக்குப் புரிகிறது. மரக்கறிக்காரர்களும் இந்துக்களும் முஸ்லிம்களும் வாழும் ஊர்களில் எல்லோரும் நம்பி வாங்க அந்த மாற்றம் தேவைதான். எங்கள் வகுப்பிலேயே அந்தக் கடைகளின் சிப்ஸைத் தொட முடியாத நண்பர்கள் இருந்தார்கள். ருசியில் வித்தியாசமே இல்லை என்று சொல்கிறவர்களோடுதான் என் வாதம். டர்ஹம் மாவட்டத்தின் பீமிஷ் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிலக்கரி அடுப்பில் மாட்டு டிரிப்பிங் ஊற்றிப் பொரிக்கும் கடை ஒன்று நடக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் அங்கே ஒரு பொட்டலம் வாங்கித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடச் சாப்பாடு அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்பதுதான் மனதை அறுக்கிறது.

வடக்கத்திச் சாப்பாட்டின் கெட்ட பெயருக்கு ஜார்ஜ் ஆர்வெலும் ஒரு காரணம். 1937-ல் வந்த ‘தி ரோட் டு விகன் பியர்’ புத்தகத்தில் அவர் தங்கியிருந்த குடல்கறிக் கடைக்காரரின் அழுக்கு வீட்டைப் படித்தவர்கள் அதை மறப்பதில்லை. வெள்ளை ரொட்டி, மார்கரின், டின் கறி, சர்க்கரை போட்ட டீ என்று வேலையில்லாதவர்கள் சாப்பிட்டதையும் அவர் எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது பொய்யில்லை. ஆனால் மார்கரின் வேறு, டிரிப்பிங் வேறு. மார்கரின் கடையிலிருந்து வருவது. டிரிப்பிங்கைக் கடையில் வாங்கலாம் என்றாலும், கிண்ணத்தின் அடியில் ஜெல்லி இருந்தால் அந்த வீட்டில் ஞாயிறன்று கறி வெந்தது என்று பொருள். ரொட்டியும் டிரிப்பிங்கும் ஏழைச் சாப்பாடு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அதே ஆர்வெல்தான் 1945-ல் இங்கிலாந்துச் சமையலுக்கு வக்காலத்து வாங்கி எழுதினார். அதில் யார்க்ஷயர் புட்டிங்குக்கும் இடம் கொடுத்தார்.

போர்க்காலத்தில் மீனும் சிப்ஸும் ரேஷனுக்கு வெளியே இருந்தன. கறிக்கும் கொழுப்புக்கும் ரேஷன். கறி ரேஷன் 1954 ஜூலையில்தான் ஒழிந்தது. ஒரு கரண்டி கொழுப்புக்குக் கணக்குப் பார்த்து வளர்ந்த தலைமுறை என் வீட்டுக்கார அம்மாளுடையது. அதனால்தான் கறித் தட்டைச் சுரண்டும்போது அவர் கையில் அத்தனை நிதானம்.

அந்த நிதானம் ஒரே நாளில் போகவில்லை. கொழுப்பு இதயத்துக்கு ஆகாது என்ற பேச்சு வலுத்தபோது கறிக்கடைகளே கொழுப்பைச் செதுக்கித் தள்ள ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமைக்குக் கோழி வந்தது. பைத்தியமாட்டு நோய்ப் பயத்தில் 1997 டிசம்பரில் எலும்போடு கூடிய மாட்டுக்கறி விற்பனைக்கே தடை வந்தது. இரண்டு வருடம் கழித்துத்தான் நீங்கியது. இரண்டு வருடம் குறைந்த காலம்தான். ஆனால் எலும்போடு வாங்கும் பழக்கம் ஏற்கனவே தளர்ந்திருந்த வீடுகளில் அது அறுந்தே போயிற்று. எலும்பில்லாத, கொழுப்பில்லாத துண்டை ரோஸ்ட் செய்தால் தட்டில் வடிவதற்கு என்ன இருக்கும்? புட்டிங்குக்கு எண்ணெய் பாட்டிலைத் திறக்க வேண்டியதுதான். ஜெல்லி இல்லாத வீட்டில் கிரேவி தூளிலிருந்து வர வேண்டியதுதான். எல்லாம் அந்த ஒரு இழப்பிலிருந்து கிளை பிரிந்தவை.

சமீபத்தில் டேல்ஸ் மலைப்பக்கம் ஒரு விடுதியில் ஞாயிறு மதியம் உட்கார்ந்தேன். மரபுச் சாப்பாடு என்று வாசல் பலகையில் எழுதியிருந்தார்கள். தொப்பி அளவு புட்டிங் வந்தது. அதற்குள்ளேயே கறி, கிழங்கு, காரட், பட்டாணி, கிரேவி எல்லாம். அடி நனைந்து கூழாகிவிட்டது, சுவர் மட்டும் விறைப்பாக நின்றது. கடித்தால் எண்ணெய். இப்போது புட்டிங்கைத் தட்டையாகச் சுட்டு, ரோஸ்ட்டை உள்ளே வைத்துச் சுருட்டிக் கையில் கொடுப்பதும் நடக்கிறது. இளைஞர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் ஆசையை நான் கெடுக்கவில்லை. எதை எதற்கு முன்னால் சாப்பிடுவது என்ற வரிசை அந்தச் சுருளில் இல்லை. வரிசை இல்லாத இடத்தில் புட்டிங் ஓர் உறை, அவ்வளவுதான்.

வழி அடைபட்டுவிடவில்லை. யார்க்ஷயர் கறிக்கடைகளில் டிரிப்பிங் இன்னும் கிடைக்கிறது. சில கடைகளில் ஜெல்லியோடும் கிடைக்கிறது. ஆனால் வாங்கின டிரிப்பிங் பாதி தூரம்தான் கொண்டுபோகும். எலும்போடு விலாக்கறி கேளுங்கள். கொழுப்பை எடுக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். புட்டிங்கைப் பெரிய டின்னில் சுட்டு, தனித் தட்டில், எல்லாவற்றுக்கும் முன்னால் பரிமாறுங்கள். மிச்சத்தை வடித்துக் கிண்ணத்தில் ஊற்றி வையுங்கள். செலவு கொஞ்சம் கூடுதல்தான். அதைத் திங்கள், செவ்வாயில் திரும்ப எடுத்துவிடலாம். அந்தக் காலத்து அம்மாக்கள் கணக்குத் தெரிந்தவர்கள். அவர்களுடைய சிக்கனம் நாக்கை ஏமாற்றிய சிக்கனம் இல்லை. வட இங்கிலாந்துச் சமையலைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் புட்டிங்கின் உயரத்தை அளப்பதை விட்டுவிட்டு, இந்த ஞாயிறு ஒரு கிண்ணத்தை எடுத்துவைத்தால் போதும்.